நேட்டாலிலிருந்து தாம்பரத்துக்கு வந்த விருந்தினர்

தாம்பரம் என்றதும் இன்று நம் ஜனங்களுக்கு நினைவு வருவது ரெயில் நிலையம். அதை விட்டால், பண்டிகைக் காலங்களில் ஜி.எஸ்.டி. ரஸ்தாவை அடைத்துக்கொண்டு நிற்கும் பஸ்களின் வரிசை. 2021-ஆம் வருஷத்தில் அவ்வூர் மாநகராட்சி அந்தஸ்தும் பெற்றுவிட்டது. ஆனால் கடல் கடந்த தேசங்களிலே கிறிஸ்தவ சமய சாஸ்திரம் பயிலும் ஒரு மாணவனிடம் இப்பெயரைச் சொன்னால், அவன் ரெயிலை நினைக்கமாட்டான்; 1938-ஆம் வருஷத்து டிசம்பர் மாதத்தை நினைப்பான். சேலையூர்ப் பக்கத்துக் காட்டோரத்தில் அப்போது புதிதாக எழும்பியிருந்த சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையில், உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் கூடி விவாதித்த மகாநாட்டுக்குத் 'தாம்பரம்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. நம் ஊர்ப் பெயர் ஒன்று இவ்வாறு உலக சரித்திரத்தில் ஏறியிருப்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அதனினும் முக்கியமான வேறொரு விஷயமும் தெரியாது. அம்மகாநாட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தைச் சேர்ந்த ஜூலூத் தலைவர்; பிற்காலத்தில் சமாதானத்துக்கான நோபல் பரிசை முதன் முதலாகப் பெற்ற ஆப்பிரிக்கர். ஆல்பர்ட் லுத்துலி என்பது அவர் பெயர்.

மகாநாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதைச் சீனாவிலுள்ள ஹாங்சௌ நகரில் நடத்துவதென்றே முதலில் ஏற்பாடு. ஜப்பானியர் சீனாவின் மீது படையெடுத்தமையால் அது சென்னைக்கு மாற்றப்பட்டது. ஜார்ஜ் டவுனில் நெரிசலிலே இருந்த கிறிஸ்தவ கலாசாலை 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் 1931 முதலே ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 12 முதல் 29 வரை ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் அங்கே கூடினர். அவர்களில் சுமார் பாதிப் பேர் ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களின் சபைகளைச் சேர்ந்தவர்கள். ஹாலந்து தேசத்துப் பண்டிதர் ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த சக்கரை, செஞ்சையா முதலிய இந்தியக் கிறிஸ்தவ அறிஞர்கள் நடத்திய வாதம் இன்றும் சமய சாஸ்திரிகளால் பேசப்படுகிறது. அவ்வாதம் அவர்களுடையது, அதில் நாம் புகவேண்டியதில்லை.

ஆயினும் அம்மண்டபத்தில் இருந்த ஒரு தமிழரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிற் பிறந்த அஸரையா என்பவர் அப்போது தோர்ணக்கல் அத்தியக்ஷர். ஆங்கிலேய சபையில் அப்பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவரே, அது 1912-இல். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 1910-இல் எடின்பரோ நகரில் நடந்த உலக மகாநாட்டில், பெரும்பாலும் வெள்ளையரே நிரம்பிய சபையின் நடுவே எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காகப் பொருளையும் உயிரையும் கொடுக்கிறீர்கள், ஆனால் எங்களோடு சமமாக உட்கார்ந்து உணவருந்த உங்களுக்கு மனம் வரவில்லையே என்ற கருத்தை நயமான வார்த்தைகளில், ஆனால் நயம் பாராத உண்மையோடு, அவர் எடுத்துரைத்தார். கேட்டவர்களிற் பலர் முகம் சுளித்தனர். துரைமாரின் தர்மத்தை ஏற்றுக்கொண்டு, அவர்களுடைய இறுமாப்பை ஏற்க மறுத்த அப்பேச்சு, நிறத்துவேஷத்தைக் குறித்துத் தமிழர் ஒருவர் செய்த பிரசங்கங்களில் மறக்கத்தகாத ஒன்று. தேசீயப் பத்திரிகைகள் அதற்கு உரிய இடத்தைக் கொடுத்ததில்லை என்பது நமது குறை.

இனி லுத்துலிக்கு வருவோம். அவர் டர்பனுக்கு வடக்கே, உம்வோட்டி ஆற்றின் பக்கத்திலுள்ள க்ரௌட்வில் என்னும் கிராமத்தவர். ஆடம்ஸ் கலாசாலையில் உபாத்தியாயராக இருந்தவர். 1936-இல் தம் ஊரார் தேர்ந்தெடுத்தபடி தலைவர் பதவியை ஏற்றார். ஊர்ப் பஞ்சாயத்து, எல்லை வழக்கு, கரும்பு விளைச்சல் இவையே அவருடைய அன்றாட வேலை. ஆம், கரும்பு! க்ரௌட்வில் கரும்பு விளையும் பூமி. அங்குள்ள சிறு ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு ஆலை முதலாளிகளிடம் நியாயமான விலையும் தவணையும் கிடைப்பதற்காகச் சங்கம் அமைத்து உழைத்தவர் அவர்.

கரும்பு என்ற சொல் தமிழ் வாசகனின் காதில் சும்மா விழாது. 1860-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, சென்னைக் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அந்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிற் கப்பல் ஏறியவர்கள். செங்கற்பட்டு, வட ஆற்காடு, தஞ்சை முதலிய ஜில்லாக்களின் சேரிகளிலும் வறண்ட கிராமங்களிலும் ஏஜெண்டுகள் திரட்டிய ஆண்களும் பெண்களும் அவர்கள். க்ரௌட்விலுக்கு அண்டையிலுள்ள தோட்டங்களிலும் அவர்களுடைய வியர்வை சிந்தியிருக்கிறது. ஆகவே 1938-இல் தாம்பரத்தில் வந்து இறங்கிய லுத்துலிக்குத் தமிழ் முகம் புதிதன்று. நமக்குத்தான் அவருடைய முகம் புதிது.

ஏன் அப்படி? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் நமது அரசியல் எழுத்தின் ஆரம்பத்துக்கே செல்லவேண்டும்.

1896-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் இருபத்தேழு வயதுள்ள ஒரு பாரிஸ்டர் பேசினார். நேட்டாலில் இந்தியர் படும் துயரங்களைப் பற்றி அவர் எழுதிய, பச்சை அட்டை போட்ட துண்டுப் பிரசுரம் ராஜகோட்டையில் அதே வருஷம் பதினாயிரம் பிரதிகள் அச்சாகியிருந்தது. சென்னை ஜனங்கள் அதற்குக் காட்டிய ஆர்வத்தால் மறுபதிப்பும் தேவையாயிற்று. 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' பத்திராதிபர் ஜி. பரமேசுவரன் பிள்ளையும், 'ஹிந்து' ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவருக்குத் துணை நின்றனர். சென்னை இவ்வளவு உருகியதற்குக் காரணம் உண்டு. எஜமானனால் அடிபட்டு, முன்பற்கள் இரண்டும் உடைந்து, ரத்தம் ஒழுகும் வாயோடு, தலைப்பாகையைக் கையிலே ஏந்திக்கொண்டு காந்தியடிகளின் அலுவலகத்துக்குள் நுழைந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியின் கதை சென்னையின் கதை. வெள்ளைக்காரன் முன்னிலையில் தலைப்பாகையைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொள்ளுவது அந்நாட்டு வழக்கம். காந்தியடிகள் அதைத் தலையிலே கட்டிக்கொள்ளச் சொன்னார். மனித உரிமையைக் குறித்து வால்யூம் வால்யூமாக எழுதிய நூல்கள் இருக்கின்றன. அந்தத் துணியை மறுபடியும் தலையிற் சுற்றிக்கொண்ட க்ஷணத்தில் பாலசுந்தரத்துக்கு விளங்கியது அவற்றில் எத்தனை நூல்களால் விளங்கும் என்பது சந்தேகம்.

ஆனால் உண்மையை மறைப்பது பத்திரிகை தர்மம் அன்று. அக்காலத்தில் காந்தியடிகள் எழுதியவற்றையும் பேசியவற்றையும் முழுவதும் படிப்பவர்கள் ஒரு குறையைக் காணாமல் இருக்க முடியாது. எங்களைக் 'காப்பிரி'களின் நிலைக்குத் தாழ்த்துகிறார்களே என்பதே அவற்றில் பலமுறை வரும் முறையீடு. 'காப்பிரி' என்பது அந்நாட்டு வெள்ளையர் ஆப்பிரிக்கரை இழிவுபடுத்தி வழங்கிய சொல். பழைய நாகரிகமும் சாஸ்திரங்களும் உடைய நாங்கள் எங்கே, இவர்கள் எங்கே என்பது அவ்வாதத்தின் உள்ளுறை. வெள்ளையன் கட்டிய ஏணியில் நாம் நிற்கும் படியைப் பற்றிப் புகார் சொன்னோமேயன்றி, அந்த ஏணியையே சாய்க்கவேண்டும் என்று அன்று நாம் சொல்லவில்லை. இதைச் சொல்வதால் காந்தியடிகளின் பெருமை குன்றிவிடாது. அவர் நின்ற இடத்திலேயே நின்றவர் அல்லர். 1905-இல் ஜூலூக்களின் தலைவரான ஜான் டூபேயைப் பாராட்டித் தம் பத்திரிகையில் எழுதினார். 1906-இல், ஒரு பவுன் தலைவரியை எதிர்த்து பம்பாத்தா என்னும் தலைவன் கலகம் செய்தபோது, அவர் சர்க்கார் பக்கம் நின்று வைத்தியப் படை திரட்டினார். ஆனால் வெள்ளை நர்ஸுகள் தொட மறுத்த ஜூலூக்களின் புண்களைக் கழுவிக் கட்டியது அந்தப் படைதான். அந்தப் புண்கள் பலவும் சாட்டையடியால் வந்தவை. அந்நாட்களின் நினைவு அவரை விட்டு என்றும் அகலவில்லை. இவ்வளவும் உண்மையே. ஆயினும் 2018-இல் கானா தேசத்துச் சர்வகலாசாலையில் நிறுவப்பட்டிருந்த அவருடைய சிலையை அங்குள்ளோர் அகற்றிவிட்டபோது, அவருடைய பழைய வாக்கியங்களையே அவர்கள் காரணமாகக் காட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அச்சில் ஏறிய எழுத்தை எழுதியவனே பிற்பாடு கடந்து சென்றாலும், எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நேட்டாலின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கரும்பு முதலாளிகள் தமிழனை ஏன் கடலுக்கு அப்பாலிருந்து தருவிக்கவேண்டும்? பக்கத்திலே திடகாத்திரமான ஜூலூக்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு நிலமும் மாடும் இருந்தன. நிலமுள்ளவன் முதலாளி கொடுக்கும் கூலிக்குக் கைகட்டி வரமாட்டான். ஆகவே பட்டினியால் நிலம் இழந்த தமிழனைக் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு, நிலம் உள்ள ஜூலூவைக் குடிசை வரியாலும் தலைவரியாலும் சட்டத்தாலும் நெருக்கி அவனையும் கூலியாக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத தமிழன் மீது வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. ஜூலூவின் மீது தலைக்கு ஒரு பவுன் வரி. இரண்டு வரிகளும் ஒரே கஜானாவுக்குத்தான் சென்றன. ஒருவனுடைய பசியைக் கொண்டு மற்றவனுடைய சுதந்திரத்தை அறுக்கும் இந்தத் தந்திரம் நமது எழுத்தாளர்களுக்கு விளங்கியிருந்தால், நமது இலக்கியத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

1913-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் சரித்திரத்தில் அது பொன்னெழுத்தில் பொறித்த வருஷம். மூன்று பவுன் வரியை எதிர்த்து நியூகாஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களும், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும், கால்நடையாக டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார்கள். சிறைக்குச் சென்று நோயோடு மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தாள். அவளைப் பாடாத தமிழ்க் கவி இல்லை. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களிலும் அவள் இருக்கிறாள். நன்று.

அதே 1913-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அதே தேசத்துப் பார்லிமெண்டு 'சுதேசிகள் நிலச் சட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. தேசத்து ஜனத்தொகையில் பெரும்பாலோரான ஆப்பிரிக்கருக்கு அந்தச் சட்டம் ஒதுக்கியது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கு. மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. ஸால் பிளாட்ஜே என்னும் ஆப்பிரிக்கப் பத்திராதிபர் சைக்கிளில் ஏறி ஊர் ஊராகச் சென்று, நிலத்தினின்று துரத்தப்பட்டு, சாகும் மாடுகளோடு ரஸ்தாக்களில் அலைந்த குடும்பங்களைக் கண்டு, 1916-இல் ஒரு நூல் வெளியிட்டார். குளிரிலே இறந்த குழந்தையைப் புதைப்பதற்குச் சொந்தமாக ஒரு சாண் பூமி இல்லாமல், பிறர் நிலத்தில் இரவோடிரவாகத் திருட்டுத்தனமாகப் புதைத்துவிட்டுப் போன தாய் தந்தையரை அவர் அதில் வர்ணிக்கிறார். காந்தியடிகளின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை அச்சட்டத்தைக் கண்டித்தது என்பதையும் நியாயமாகக் குறிப்பிடவேண்டும். ஆனால் நமது தமிழ் எழுத்தில், வள்ளியம்மை நடந்த மண் யாருடைய மண் என்ற கேள்வி எழவேயில்லை. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடும் பெண்களுக்காக அழுதார். தமிழ் நாடே உடன் அழுதது. அக்கண்ணீர் மெய்யானது. கரும்புத் தோட்டத்தின் வேலிக்கு அப்பால் நின்ற கறுப்புப் பெண்ணைப் பற்றி மட்டும், அப்போதும் பின்னரும் நாம் கேட்கவில்லை.

கடலுக்கு அப்பால் இருந்தவளை விடுங்கள். வேலிக்கு இப்பால் நம் ஊரிலேயே நின்றவனை நாம் கேட்டோமா? தாம்பரத்திலிருந்து தெற்கு ரஸ்தாவில் செங்கற்பட்டைத் தாண்டி மதுராந்தகம் பக்கம் சென்றால் கோழியாளம் என்ற கிராமம் வரும். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அது. 1893-இல், ஊரார் எந்தச் சொல்லால் தம்மவரை இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தியவர் அவர். இழிசொல்லைப் பறித்துத் தன் கொடியாக உயர்த்தும் இந்தத் துணிவைப் பிற்காலத்தில் அமெரிக்க நீக்ரோ எழுத்தாளர்களிடம் கண்டு நாம் வியந்தோம். செங்கற்பட்டு ஜில்லாக்காரர் ஒருவர் அதைச் செய்தபோது வியக்கவில்லை. அவரும் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் துபாஷி உத்தியோகம் பார்த்தவர். அங்கே பிராமணனும் பறையனும் ஒரே 'கூலி' என்ற பெயரால் அழைக்கப்பட்டதை அவர் கண்டார். ஊரிலே நடைபாதையும் கிணறும் மறுக்கப்பட்டவனுக்கு, டர்பனில் நடைபாதை மறுக்கப்பட்ட கனவான்களின் ஆவேசத்தைக் கண்டபோது என்ன தோன்றியிருக்கும்? நாடு திரும்பிச் சட்டசபை அங்கத்தினரான அவர் 1924-இல் கொண்டுவந்த தீர்மானம் இக்கேள்விக்கு விடை போன்றது: பொது ரஸ்தாக்களிலும், கிணறுகளிலும், பொதுக் கட்டிடங்களிலும் எந்த ஜாதியாரையும் தடுக்கலாகாது என்பது அது. அவர் காங்கிரஸ்காரர் அல்லர். அந்த ஒரு காரணத்துக்காக அவரைத் தேசவிரோதி என்று சொல்லி ஒதுக்கிய தேசபக்தர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி அவர் வெளியிட்டது 1939-இல். தாம்பரத்துப் பந்தல்கள் பிரிக்கப்பட்ட மறு வருஷம்.

அந்த 1939-ஆம் வருஷத்தின் முதல் நாளன்று வார்தாவை அடுத்த சேகாம் கிராமத்தில் ஒரு சம்பாஷணை நடந்தது. தாம்பரம் மகாநாட்டுக்கு வந்திருந்த மற்றோர் ஆப்பிரிக்கப் பிரதிநிதி, ஜோஹான்னஸ்பர்க்கைச் சேர்ந்த டேமா என்ற பாதிரியார், காந்தியடிகளைக் காணச் சென்றார். டேமா ஆப்பிரிக்கக் காங்கிரஸின் அங்கத்தினர். எங்கள் காங்கிரஸும் உங்கள் காங்கிரஸைப் போல வெற்றி பெறுவது எப்படி என்று அவர் கேட்டார். உங்கள் தலைவர்கள் மேல்நாட்டு உடையும் நடையும் கொண்டு ஜனங்களை விட்டு விலகி நிற்கிறார்கள்; மறுபடியும் ஆப்பிரிக்கராகுங்கள் என்ற கருத்தில் காந்தியடிகள் பதில் சொன்னார். ஆடையைப் பற்றிய உபதேசம் நமக்கு அத்தனை ரசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். கோட்டும் காலுறையும் போட்டுக்கொண்டே விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. டேமாவின் அடுத்த கேள்வியே முக்கியமானது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் வெள்ளையருக்கு எதிராக ஓரணியாகச் சேரலாமா என்று கேட்டார். கூடாது, அது பலத்தைச் சேர்ப்பதாகாது, பலவீனத்தைச் சேர்ப்பதாகும் என்றார் காந்தியடிகள். ஆனால் அதற்கு அவர் கூறிய காரணத்தைக் கவனியுங்கள். இந்தியர் அந்நாட்டில் சிறுபான்மையோர். நீங்களோ அந்த மண்ணின் மைந்தர்கள். உங்கள் சொத்து பறிபோகிறது. உங்கள் வழக்கு எங்கள் வழக்கைவிட மிகப் பெரியது. இந்தியர் உங்கள் நியாயமான கோரிக்கைகளுக்குக் குறுக்கே நிற்கலாகாது, உங்களைக் காட்டுமிராண்டிகள் என்று இகழவும் கூடாது. 1896-இல் பச்சையப்பன் மண்டபத்தில் பேசிய பாரிஸ்டரின் வாதத்தை, 1939-இல் சேகாம் கிராமத்துக் கிழவரே திருத்தி எழுதிவிட்டார். அத்திருத்தத்தைக் கேட்டு எழுதிக்கொண்டவர் தாம்பரத்திலிருந்து போன விருந்தாளி.

ஓரணி கூடாது என்ற யோசனையைப் பிற்காலம் ஏற்கவில்லை. 1947 மார்ச் மாதத்தில், நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவரான டாக்டர் மாண்டி நாயக்கர், டிரான்ஸ்வாலைச் சேர்ந்த டாக்டர் யூசுப் தாதூ, ஆப்பிரிக்கக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் ஸூமா ஆகிய மூவரும் சேர்ந்து போராடுவதென்று ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மூவரும் வைத்தியர்கள் ஆதலால் அதற்கு 'டாக்டர்கள் உடன்படிக்கை' என்று பெயர். நாயக்கரும் தாதூவும் உடனே இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளையும் கண்டார்கள். நல்ல ஆரம்பம்தான், ஆனால் காகிதத்தில் இட்ட கையொப்பம் கடைத்தெருவுக்கு இறங்கி வருவதற்குக் காலம் பிடித்தது. 1949 ஜனவரியில், டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் மூண்ட கலகத்தில் 142 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் இந்தியருமே. எரிந்தவை இந்தியரின் வீடுகள். சுட்டவர்கள் சர்க்கார் போலீஸார். வேடிக்கை பார்த்து ஊக்கியவர்கள் வெள்ளையரில் சிலர். தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் காணாமலே அடுத்தடுத்து வாழ்ந்ததன் பலன் அது.

கலகத்தின் சாம்பலிலிருந்துதான் லுத்துலி எழுகிறார். 1952 ஜூன் 26-இல் ஆரம்பமான அநீதிச் சட்ட மறுப்பில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் தோளோடு தோள் நின்று, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றார்கள். தலைவர் பதவியை விடுகிறாயா, காங்கிரஸை விடுகிறாயா என்று சர்க்கார் லுத்துலியைக் கேட்டது. இரண்டையும் விடமாட்டேன் என்றார். நவம்பர் மாதத்தில் சர்க்கார் அவரைப் பதவி நீக்கம் செய்தது. அதற்கு விடையாக அவர் வெளியிட்ட அறிக்கை, அடிமைப்பட்ட ஜாதிகளின் அரசியல் இலக்கியத்தில் சிறந்ததொரு பக்கம். மிதவாதியாக இருந்து பல்லாண்டுக் காலம் மனுப் போட்டுக் காத்திருந்ததற்கு வந்த கூலி மேலும் மேலும் கொடிய சட்டங்களே என்று அவர் அதில் கணக்குக் காட்டுகிறார். நம் நாட்டு மிதவாதிகளின் விண்ணப்ப யுகத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கும். சிலுவையின் வழியே சுதந்திரத்தின் வழி என்று அவர் அந்த அறிக்கையை முடித்ததில், தாம்பரத்திற் கூடிய சபையின் சமயமும் சத்தியாக்கிரகமும் ஒன்றாய்க் கலந்திருப்பதைக் காணலாம். அடுத்த மாதமே அவர் ஆப்பிரிக்கத் தேசீயக் காங்கிரஸின் தலைவரானார். 1956-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிப் பிடிக்கப்பட்ட 156 பேரில் லுத்துலியும் ஒருவர், மாண்டி நாயக்கரும் ஒருவர்.

உலக சபையிலும் இதே மாறுதல் நிகழ்ந்தது. 1946-இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் தென்னாப்பிரிக்காவின் மீது புகார் கொண்டுபோனபோது, அந்தப் புகார் அங்குள்ள இந்தியரை நடத்தும் விதத்தைப் பற்றியது மட்டுமே. 1948 டிசம்பர் 10-இல் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த அதன் முதல் விதியை 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தா. தென்னாப்பிரிக்கா ஓட்டளிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1952-இல் இந்தியா மற்றப் பன்னிரண்டு ஆசிய, அரபு நாடுகளோடு சேர்ந்து கொண்டுபோன பிரேரணையோ, நிறவொதுக்கல் என்னும் கொள்கை முழுவதையும் எதிர்த்தது. இந்தியருடைய வழக்காகச் சென்றது ஆறு வருஷத்தில் மனிதருடைய வழக்காயிற்று.

ஷார்ப்வில்லில் 69 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்ற 1960 மார்ச் மாதத்தில், லுத்துலி ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் சுமந்து திரியவேண்டிய அனுமதிச் சீட்டைப் பகிரங்கமாக எரித்தார். அவ்வருஷத்துக்குரிய நோபல் பரிசை 1961 டிசம்பரில் ஆஸ்லோ நகரிற் சென்று பெற்றுக்கொள்ள, ஊர்க் காவலில் வைக்கப்பட்டிருந்த அவருக்குச் சர்க்கார் பத்து நாள் போலத்தான் அவகாசம் கொடுத்தது. 1962-இல் அவருடைய சுயசரிதம் வெளிவந்தது; நம் நாட்டுக்கு வந்துபோனதை அதில் அவர் சொல்லியிருக்கிறார். அவர் நாட்டில் அந்தப் புஸ்தகத்தை வைத்திருப்பதோ, அவருடைய வாக்கியம் ஒன்றை எடுத்து அச்சிடுவதோ அப்போது குற்றமாயிருந்தது.

1967 ஜூலை 21-இல், க்ரௌட்வில் பக்கத்து ரெயில் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்த கிழவரைச் சரக்கு வண்டி மோதிவிட்டது என்று சர்க்கார் அறிவித்தது. அதே வருஷம் நடந்த மரண விசாரணையும் அதை ஏற்றுக்கொண்டது. அவருடைய குடும்பத்தார் அதை ஒருநாளும் நம்பவில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, ரெயில் மோதியதால் அன்று, தாக்கப்பட்டு மண்டை உடைந்தே அவர் மாண்டார் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வெளியான ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893-ஆம் வருஷம் ஜூன் மாதத்து இரவொன்றில், முதல் வகுப்பு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த காந்தியடிகளை வண்டியிலிருந்து தள்ளிவிட்ட ரெயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது.